கொல்லிமலை டாக்டரும் காணாமல் போன வலியும்

எச்சரிக்கை: கொஞ்சம் நீளமான பதிவு. ரத்தம், ஊசி, எலி எல்லாம் வரும். சாப்பிட்டுக்கிட்டே படிக்கிறவங்க முடிச்சுட்டு வாங்க :-)

சேலத்திலிருந்து ஏற்காடு ஏற 20 கொண்டை ஊசி வளைவு. கொல்லிமலை ஏற 70. எங்க அம்மா வழி ஊர் ஏற்காட்டுல தலைச்சோலை பக்கம். அதனால கொல்லிமலைக்காரங்ககிட்ட எதுக்கு வேணாலும் சண்டைக்குப் போவோம், இந்த வளைவுக் கணக்குக்கு மட்டும் போக மாட்டோம். ரெண்டு மலையிலும் இருக்கிறது ஒரே மலையாளி ஜனம்தான் (கேரளாவுக்கும் இவங்களுக்கும் சம்பந்தமில்லை, இது வேற). காஞ்சிபுரத்திலிருந்து கிளம்பின அண்ணன் தம்பிகள் ஆளுக்கு ஒரு மலைன்னு சேர்வராயன், கொல்லி, பச்சைமலை என்று பிரிந்து போனதாக வாய்வழிக் கதை ஒன்று உண்டு. அந்த வகையில் கொல்லிமலை நமக்குப் பங்காளி மலை. பங்காளி வீட்டுப் பெருமையைக் கொஞ்சம் பேசலாம், தப்பில்லை.

1914 ஜூலை 17-ம் தேதி கொல்லிமலையில் ஒரு குழந்தை பிறந்தது. பெயர் பால் பிராண்ட். அப்பா ஜெஸ்ஸி, அம்மா ஈவ்லின், இங்கிலாந்திலிருந்து வந்த மிஷனரிகள். அப்போ மலைக்கு ரோடு கிடையாது. நடக்கணும், இல்லைன்னா டோலி. ஜெஸ்ஸி முறையான டாக்டர் இல்லை, வெப்பமண்டல நோய்கள் பற்றி ஒரு சிறு படிப்பு படித்தவர். ஆனால் மலையில் அவர்தான் டாக்டர். பல் பிடுங்குவார், நரம்புச் சிலந்திப் புழுவைக் குச்சியில் சுற்றிச் சுற்றி வெளியே எடுப்பார். சின்னப் பையன் பால் இதையெல்லாம் பார்த்துவிட்டு, டாக்டர் வேலை மட்டும் வேண்டவே வேண்டாம் என்று முடிவு பண்ணியிருக்கான்.

ஒருநாள் மூன்று பேர் மலையேறி வந்தார்கள். தொழுநோயாளிகள். ஜெஸ்ஸி யாருக்கும் போடாத கையுறையை அன்னைக்குப் போட்டுக்கிட்டு அவர்கள் புண்ணைக் கழுவிக் கட்டுப் போட்டார். பிள்ளைகளைக் கிட்ட வரக்கூடாதுன்னுட்டார். பையனுக்கு அந்தப் பயம் மறக்கவே இல்லை.

ஒன்பது வயதில் பாலை இங்கிலாந்துக்குப் படிக்க அனுப்பினார்கள். 1929-ல் ஜெஸ்ஸி மலையிலேயே காய்ச்சலில் இறந்துபோனார். பையன் அங்கே முதலில் கற்றது கட்டட வேலை. கொத்து வேலை, தச்சு வேலை. டாக்டர் படிப்புக்கு வந்தது அதுக்கப்புறம்தான். இந்தத் தச்சு விஷயத்தை ஞாபகம் வெச்சுக்கங்க. அம்மா ஈவ்லின் கதை தனி. மிஷன் ஓய்வு கொடுத்த பிறகும் மலையை விட்டு இறங்காமல் ஊர் ஊராகச் சுற்றி, 1974-ல் 95 வயதில் இறந்தார்.

பால் பிராண்ட் 1946-ல் வேலூர் சி.எம்.சி.க்கு அறுவை சிகிச்சை நிபுணராக வந்தார். அடுத்த வருஷம் ராபர்ட் காக்ரேன் என்கிற தொழுநோய் நிபுணர் தன்னுடைய செங்கல்பட்டு தொழுநோய் இல்லத்தைச் சுற்றிக் காட்டக் கூப்பிட்டார். எல்லார் கையும் மடங்கி, புலி நகம் மாதிரி. எத்தனையோ பேருக்கு விரலே இல்லை. "ஏன் இப்படி ஆகுது?" என்று கேட்டால் யாரிடமும் பதில் இல்லை. காக்ரேன் தோல் டாக்டர். எலும்பு, தசை பார்க்கிற டாக்டர்கள் யாரும் இந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததே இல்லை.

பிராண்ட் ஒரு நோயாளியிடம், என் கையை முடிந்தவரை அழுத்திப் பிடிங்கன்னார். மடங்கிப்போன கை, என்ன பெரிசா பிடிச்சுடப் போகுதுன்னு நினைத்திருக்கார். அந்த ஆள் பிடித்த பிடியில் டாக்டருக்கு வலி தாங்கலை. அவருக்கோ தான் எவ்வளவு அழுத்துகிறோம் என்றே தெரியலை. பிராண்டுக்குப் பொறி தட்டியது அங்கேதான். தசை செத்துப் போகலை. வேற ஏதோ போயிருக்கு.

அதுக்கப்புறம் அவர் பார்த்த ஒவ்வொன்றும் அதையே சொன்னது. அடுப்புக் கரியில் விழுந்த கிழங்கை ஒரு கிழவர் நிதானமாக வெறும் கையை விட்டு எடுத்துக் கொடுத்தார். துருப்பிடித்த பூட்டை டாக்டரால் திறக்க முடியலை. ஒரு சின்னப் பையன் வந்து சாவியை ஒரே திருகு, திறந்துவிட்டான். என்னடா இவ்வளவு பலம் என்று பார்த்தால் தரையில் ரத்தம். சாவி விரலை எலும்பு வரைக்கும் அறுத்திருக்கு. பையன் சிரித்துக்கொண்டு நிற்கிறான்.

அந்தக் காலத்தில் ஊர் மட்டுமில்லை, மருத்துவ உலகமே நம்பியது என்னன்னா, இது சதையை அழுக வைக்கிற நோய், விரல் தானா உதிரும், ஆபரேஷன் பண்ணினாலும் புண் ஆறாது. 'பெருவியாதி'ன்னு சொல்லி வீட்டை விட்டுத் துரத்தினதுக்கும் அந்த அழுகல் பயம்தான் பாதிக் காரணம். பிராண்ட் சந்தேகப்பட்டது வேற. அந்தப் பையன் விரலை அறுத்தது கிருமி இல்லை, சாவி.

சரி, இங்கே கொஞ்சம் வயரிங் பார்த்துட்டு வருவோம். இது இல்லாமல் மேலே கதை புரியாது. (நான் படித்தது எலக்ட்ரானிக்ஸ், டாக்டர் மக்கள் பொறுத்தருள்க.)

தோலுக்கடியில் நரம்பு முனைகள் லட்சக்கணக்கில் இருக்கு. அதில் சிலது தொடுதலுக்கு மட்டும். இன்னும் சிலது ஆபத்துக்கு மட்டும், அதாவது சும்மா தொட்டால் வாயே திறக்காது. சூடு சுமார் 43 டிகிரி செல்சியஸைத் தாண்டினாலோ, தோல் கிழிகிற அளவுக்கு அழுத்தம் வந்தாலோதான் கத்தும். ஆபத்தைக் கண்டுபிடிக்கிற இந்த வேலைக்கு ஒரு தனிப் பெயர் வைத்தவர் ஷெரிங்டன், 1906-ல். அந்த முனையில் சூட்டுக்குத் திறக்கிற புரதக் கதவை டேவிட் ஜூலியஸ் குழு 1997-ல் கண்டுபிடித்தது. எப்படி? மிளகாயை வைத்து! மிளகாயில் இருக்கிற கேப்சைசின் போய் அதே கதவைத்தான் திறக்கிறது. அதனாலதான் குளிர்ந்த பச்சைமிளகாயைக் கடித்தாலும் வாய் 'எரியுது'. 2021 நோபல் பரிசு ஜூலியஸுக்கும், அழுத்தத்துக்குத் திறக்கிற கதவைக் கண்டுபிடித்த ஆர்டெம் பட்டபூட்டியனுக்கும். எங்க ஏற்காட்டு சில்வர் ஓக் மரத்தில் ஏறிக் கிடக்கிற மிளகும் அதே சூட்டுக் கதவைத்தான் தட்டுகிறது. போர்த்துகீசியர் மிளகாயைக் கொண்டு வருவதற்கு முன்னாடி நம்ம ஆளுங்களுக்கு ரசத்தில் காரம் காட்டியது அதுதான்.

முனையிலிருந்து சேதி போக ரெண்டு லைன். ஏ-டெல்டா நார்கள் கொஞ்சம் மெல்லிய உறை போட்டது, நொடிக்கு 5 முதல் 30 மீட்டர். சி நார்களுக்கு உறையே இல்லை, நொடிக்கு ஒரு மீட்டர், அதிகம் போனால் ரெண்டு. நாம் நடக்கிற வேகம். கால் கட்டைவிரலைக் கட்டில் காலில் இடிச்சுக்கிட்டா முதல்ல 'சுரீர்'. அது ஏ-டெல்டா. ஒரு நொடி இடைவெளி... "ஐயோ இன்னும் ஒண்ணு வரப்போகுதே" என்று நமக்கே தெரியும்... அப்புறம் 'விண்விண்'ணு ஆரம்பிக்கும் பாருங்க, அது சி. மெக்கில் பல்கலைக்கழகத்தில் ரொனால்ட் மெல்ஸாக் வலியை அளக்க 1975-ல் ஆங்கில வலிச் சொற்களைப் பட்டியல் போட்டுக் கேள்வித்தாளே செய்தார். நம்ம பாட்டிகளைக் கேட்டிருந்தால் சுரீர், விண்விண், கடுகடு, குடைச்சல், குத்தல், திகுதிகுன்னு அஞ்சு நிமிஷத்துல முடித்துக் கொடுத்திருப்பாங்க.

சேதி முதுகுத்தண்டுக்கு வந்ததும் அங்கேயே ஒரு கிளை ஆபீஸ் காலை இழுக்கச் சொல்லி உத்தரவு போட்டுவிடும். மூளைக்குத் தகவல் அப்புறம்தான். தண்டிலேயே எதிர்ப்பக்கத்துக்குத் தாண்டி, மேலே தலாமஸ், அங்கிருந்து மூளையின் பல இடங்கள். எங்கே வலிக்குது என்று சொல்ல ஒரு இடம், 'தாங்க முடியலை' என்று சொல்ல இன்னொரு இடம். இந்த ரெண்டும் வேற வேற என்பதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்லிக்கிறேன், பின்னாடி வரும்.

17-ம் நூற்றாண்டில் தெகார்த் இதையெல்லாம் ஒரே கயிறாக வரைந்திருந்தார். காலில் நெருப்புப் பட்டால் கயிறு இழுபடும், மூளையில் கோயில் மணி மாதிரி அடிக்கும். அவ்வளவுதான். முந்நூறு வருஷம் மொத்தத்தில் இந்தப் படம்தான் ஓடியது. 1965-ல் மெல்ஸாக்கும் பேட்ரிக் வாலும் சேர்ந்து, நடுவில் தண்டில் ஒரு 'கதவு' இருக்கு, தொடுகிற நரம்பின் சேதி அதைக் கொஞ்சம் சாத்தும், மூளையும் மேலிருந்து சாத்தும் என்றார்கள். இடிச்ச இடத்தைத் தேய்ச்சு விடறது சும்மா சமாதானத்துக்கு இல்லை.

இப்போ வேலூருக்குத் திரும்புவோம். தொழுநோய்க் கிருமியை ஹேன்சன் கண்டுபிடித்தது 1873-ல். நரம்பைச் சுற்றி உறை போடுகிற செல்லுக்குள்ளேயே அது குடியேறும். அதுக்கு உடம்புச் சூடு ஒத்துக்காது, குளிர்ச்சியான இடம் வேணும். இது பிராண்டுக்குப் பிடிபட்ட விதம் ஒரு துப்பறியும் கதை. செங்கல்பட்டில் ஒரு நோயாளி இறந்துபோனதும் உடலைப் பரிசோதிக்க அனுமதி கிடைத்தது. குழுவோடு ராத்திரியோடு ராத்திரியாகப் போய், லாந்தர் வெளிச்சத்தில் கை கால் நரம்புகளை முழு நீளத்துக்கும் பிரித்துப் போட்டார்கள். விடிந்ததும் பார்த்தால் நரம்பு எல்லா இடத்திலும் வீங்கலை. முழங்கை, மணிக்கட்டு, முழங்கால், கணுக்கால். எங்கெல்லாம் நரம்பு தோலுக்கு ரொம்பப் பக்கத்தில், எலும்பு மேல் குளிர்ச்சியாக ஓடுகிறதோ அங்கே மட்டும். முழங்கையில் இடிச்சா ஷாக் அடிக்கிற மாதிரி ஒரு இடம் இருக்குல்ல? அதே இடம்.

ஒரு கல்லில் பல மாங்காய். முழங்கையில் அந்த நரம்பு போனால் சுண்டு விரலும் மோதிர விரலும் மடங்கும். ஆனால் முன்கையில் ஆழமாக இருக்கிற தசைகளுக்குப் போகிற நரம்பு சூடான இடத்தில் பத்திரமாக இருக்கு. செங்கல்பட்டு ஆள் கையை நசுக்கியது அந்தத் தசைகளால்தான். அப்படின்னா நல்ல தசையின் நாணை எடுத்து மடங்கிய விரலுக்கு மாற்றிக் கட்டலாமே? 1948 வாக்கில் ஆரம்பித்தார்கள். கை விரிந்தது. புண்ணும் ஆறியது, எல்லார் புண்ணும் ஆறுகிற மாதிரியே! மாவுக்கட்டு போட்டு அசையாமல் வைத்தால் போதும், காலில் வருஷக்கணக்கா ஆறாத புண்கூட மூடியது. (இலங்கையில் மில்ராய் பால் 1930களிலேயே இந்தக் கட்டு வைத்தியத்தைச் செய்திருக்கார் என்பதையும் சொல்லிடணும்.)

ஆனா பாருங்க, கை சரியானவங்க திரும்பி வந்தார்கள், புதுப் புண்ணோட. 1950களின் தொடக்கத்தில் வேலூரில் நவஜீவ நிலையம் என்று ஒன்று ஆரம்பித்து, சரியான கைகளுக்குத் தச்சு வேலை பழக்கினார்கள். பழைய தச்சர் அங்கே வெளியே வந்தார். உளி பிடித்தால் எவ்வளவு அழுத்தம், எங்கே கொப்புளம் என்று ஒவ்வொரு கையாகத் தினமும் பார்த்து ஒவ்வொரு காயத்துக்கும் காரணம் தேடினார். எல்லாத்துக்கும் கிடைத்தது, ஒன்றுக்குத் தவிர. ராத்திரி தூங்கி எழுந்தால் சிலருக்கு விரல் நுனி காணோம். அழுகல் கட்சிக்காரங்க ஜெயிச்சுட்ட மாதிரி ஆயிடுச்சு.

ஒருத்தர் ராத்திரி முழுக்கக் கண்விழித்துப் பார்த்தார். எலி. மெதுவாக வந்து, மோந்து பார்த்து, விரலைக் கொறிக்குது. தூங்குகிறவருக்குத் தெரியவே இல்லை. அதுக்கப்புறம் அங்கிருந்து வீட்டுக்குப் போகிற ஒவ்வொருத்தருக்கும் மருந்தோட ஒரு பூனையும் கொடுத்து அனுப்பினார்கள். மருத்துவ வரலாற்றில் இதைவிட நல்ல மருந்துச் சீட்டு எனக்குத் தெரிந்து இல்லை.

கண் போனதுக்கும் இதே கதை. அவர் மனைவி மார்கரெட் கண் டாக்டர். நோயாளிகள் குருடாவதற்கு ஒரு பெரிய காரணம், கண்ணைச் சிமிட்டாமல் இருப்பது. விழியில் உறுத்தல் தெரியலைன்னா சிமிட்டணும்னு தோணாது. விழி காயும், தூசு கீறும், முடிந்தது. ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்கான தடவை நம்மைக் காப்பாத்துற அந்தச் சின்ன உறுத்தலை வலி என்றுகூட நாம் சொல்றதில்லை.

பிராண்டுக்கே ஒரு ராத்திரி நடந்தது. லண்டனில், நீண்ட பயணம் முடிந்து உடம்பு சரியில்லாமல் ஹோட்டல் அறையில் சாக்ஸைக் கழற்றினார். குதிகாலில் உணர்ச்சி இல்லை. குண்டூசியால் குத்தினார். ரத்தம் வருது, வலி இல்லை. இத்தனை வருஷம் அவங்களோட வேலை செய்து தனக்கும் வந்துவிட்டது என்று விடிய விடியத் தூங்கலை. காலையில் மறுபடி குத்தினார். கத்திவிட்டார், வலியில்! ரயிலில் ரொம்ப நேரம் ஒரே மாதிரி உட்கார்ந்து நரம்பு அமுங்கி மரத்துப் போயிருக்கு, அவ்வளவுதான். வலிக்காக அன்னைக்குச் சந்தோஷப்பட்ட மாதிரி அவர் எதுக்கும் சந்தோஷப்பட்டிருப்பாரான்னு தெரியலை.

எனக்கு இந்தக் கதையில் ரொம்பப் பிடித்த பகுதி இனிமேதான். இது நம்ம துறை சம்பந்தப்பட்டது.

1966-ல் பிராண்ட் அமெரிக்காவில் லூசியானா மாநிலம் கார்வில் என்ற இடத்தில் இருந்த தொழுநோய் ஆஸ்பத்திரிக்குப் போனார். அங்கே அவருக்கு ஒரு யோசனை. வலி என்பது சென்சார், வயர், அலாரம் தானே? நாமே செய்து கொடுத்தால் என்ன? பணம் கிடைத்தது, பொறியாளர்கள் வந்தார்கள். கையுறையிலும் சாக்ஸிலும் அழுத்த சென்சார். அழுத்தம் கூடினால் காதில் பீப். தெகார்த்தின் மணியேதான்.

முதல் தலைவலி சென்சார். விலை அதிகம், சீக்கிரம் உடையும், வியர்வையில் துரு ஏறும். ஸ்பேனரை இறுக்கிப் பிடிக்கிறதுக்கும் விரல் வெட்டுப்படுறதுக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்கிறதே பெரும்பாடு. சரி, அதைக்கூடச் சமாளிக்கலாம். பீப் அடிச்சா நோயாளி என்ன பண்ணினார்? கேட்டுக்கிட்டே வேலையைத் தொடர்ந்தார். விளக்கு எரிய வைத்தார்கள். அதுவும் அப்படியே. கடைசியில், உணர்ச்சி மிச்சமிருக்கிற அக்குளில் மின்சார ஷாக். இது நிஜமாவே வலிக்கும். அப்போ என்ன பண்ணினாங்க? ஷாக் அடிக்கப்போற வேலை வரும்போது ஸ்விட்சை அணைச்சுட்டு, வேலையை முடிச்சுட்டு, மறுபடி ஆன் பண்ணிக்கிட்டாங்க.

சிரிக்காதீங்க. எந்த ஆபீஸிலாவது ராத்திரி மூணு மணி அலர்ட்டை ம்யூட்ல போடாத ஆள் உண்டா? டாஷ்போர்டில் சிவப்பு எரிஞ்சுக்கிட்டே இருக்கும், நாம டீ குடிக்கப் போவோம். அந்த நோயாளிகளுக்குப் புத்தி குறைவில்லை. பீப் என்பது தகவல். அது இன்னொருத்தரோட பிரச்சினை மாதிரிதான் தோணும். மேலே சொன்னேனே, 'எங்கே' என்று சொல்ற இடம், 'தாங்க முடியலை' என்று சொல்ற இடம். பொறியாளர்கள் முதலாவதைச் செய்துவிட்டார்கள். ரெண்டாவதைச் செய்யணும்னா ஸ்விட்ச் அந்த ஆளின் கைக்கு எட்டாத இடத்தில் இருக்கணும், அப்படி ஒன்றை எந்த மனுஷனும் விரும்பிக் கட்டிக்க மாட்டான். வருஷக்கணக்கில் உழைத்துவிட்டுத் திட்டத்தைக் கைவிட்டார்கள். பிலிப் யான்சியோடு சேர்ந்து 1993-ல் பிராண்ட் எழுதின புத்தகத்தின் தலைப்பு, தமிழில் சொன்னால், 'வலி: யாருக்கும் வேண்டாத பரிசு'.

பிறவியிலேயே இந்த வயரிங் இல்லாதவங்களும் உண்டு. வட பாகிஸ்தானில் ஒரு பையன் கத்தியைக் கையில் குத்திக் காட்டியும் தணலில் நடந்தும் தெருவில் வித்தை காட்டுவானாம். ஆராய்ச்சியாளர்கள் அவனைப் பார்க்கிறதுக்கு முன்னாடியே கூரையிலிருந்து குதித்து இறந்துட்டான், 14 வயசு முடியலை. அவன் சொந்தக்காரக் குடும்பங்களை ஆராய்ந்து, வலி நரம்பில் சோடியம் கதவு ஒன்றைச் செய்கிற ஒரே ஒரு மரபணு கெட்டிருக்கு என்று 2006-ல் கண்டுபிடித்தார்கள். இப்போ வலி மருந்துக் கம்பெனிகள் எல்லாம் அந்த வகைக் கதவுகளை அடைக்க வழி தேடிக்கிட்டு இருக்காங்க. நமக்கு வலி அதிகமானால் பிரச்சினை, அவங்களுக்கு இல்லாததே பிரச்சினை.

தொழுநோய்க்கு 1981-லிருந்து கூட்டு மருந்து இருக்கு, முழுசா குணமாகும். 2005-ல் இந்தியாவில் பத்தாயிரத்துக்கு ஒருவர் என்ற அளவுக்குக் கீழே வந்துவிட்டது என்று அறிவித்தார்கள். ஆனாலும் உலகத்தில் புதுசாக் கண்டுபிடிக்கிற நோயாளிகளில் பாதிக்கு மேல் இன்னும் நம்ம நாட்டில்தான். மருந்து கிருமியைக் கொல்லும், செத்த நரம்பைத் திருப்பித் தராது.

அப்புறம் சர்க்கரை. கார்விலில் பிராண்ட் பார்த்த சர்க்கரை நோயாளிகளின் கால் புண், செங்கல்பட்டுக் கால் புண் மாதிரியே இருந்தது. காரணம் வேற, வலி போனது ஒன்றுதான். கையாலாகாமல் போன அந்த எலக்ட்ரானிக்ஸ் சாதனத்துக்குப் பதிலா கார்விலிலிருந்து உலகத்துக்கு வந்தது ஒரு நைலான் நரம்பு. 10 கிராம் அழுத்தத்தில் வளைகிற மாதிரி செய்தது. பாதத்தில் வைத்து அழுத்தி, அது வளையும்போதும் உங்களுக்குத் தெரியலைன்னா கால் ஆபத்தில் இருக்குன்னு அர்த்தம். 1980களில் அங்கே வேலை செய்தவர்கள் நிர்ணயித்த அளவு.

எங்க தலைச்சோலை மாமாவுக்கு இருபது வருஷச் சர்க்கரை. போன வருஷம் தோட்டத்துக்குப் போயிட்டுச் சாயங்காலம் வந்து செருப்பைக் கழற்றினால், அடியிலிருந்து ஆணி ஏறி நிக்குது. நாள் முழுக்க அதோடயே நடந்திருக்கார். அத்தைதான் தரையில் ரத்தத்தைப் பார்த்துக் கத்தினாங்க. சேலத்தில் டாக்டர் அந்த நைலான் நரம்பை வைத்துப் பார்த்தார். பத்து இடத்தில் ஏழு இடம் மாமாவுக்குத் தெரியலை. ஆறு வாரத்தில் புண் ஆறியது. "வலியே இல்ல மாப்ள, எனக்குப் போய் இவ்வளவு பண்றாங்க" என்று என்னிடம் பெருமையாகச் சொன்னார். இப்போ எம்.சி.ஆர். செருப்பு போடுகிறார், வேலூர், காரிகிரி பக்கம் தொழுநோயாளிகளுக்காகச் செய்து பழகின அதே ரப்பர். ராத்திரி படுக்கும் முன்னாடி அத்தை டார்ச் அடித்து ரெண்டு பாதத்தையும் பார்க்கிறார். மாமாவுக்கு இதில் கொஞ்சமும் இஷ்டமில்லை. அணைக்கிற ஸ்விட்ச் அத்தைகிட்ட கிடையாது :-)

பிராண்ட் 2003 ஜூலையில் சியாட்டிலில் இறந்தார். அவரோட வேலூர் மாணவி மேரி வர்கீஸ், 1954-ல் விபத்தில் இடுப்புக்குக் கீழே உணர்வை இழந்து, சக்கர நாற்காலியில் உட்கார்ந்தே தொழுநோயாளிகளின் கைகளுக்கு ஆபரேஷன் செய்தவர். அவரைப் பற்றித் தனிப்பதிவுதான் போடணும். ஆபீஸில் ஆணி கொஞ்சம் குறையட்டும், எழுதுறேன்.